ஆனியை விட்டாலும் ஆறு

அண்ணி மாதங்களை எண்ணும்போது கட்டைவிரலின் நுனி சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கும். விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. சித்திரை அங்கே தொடங்கினால் பங்குனி ஆள்காட்டி விரலின் நுனியில் வந்து முடியும். உதடு அசையும், சத்தம் வராது. யார் வீட்டு மாடு எப்போது ஈனும், எந்தப் பெண்ணுக்கு எந்த மாதம் வலி எடுக்கும், புளியமரக் குத்தகை எப்போது முடியும் என்பதையெல்லாம் எங்கள் ஊரில் அண்ணியிடம்தான் கேட்பார்கள். தொடங்கிய மாதமும் ஒன்று, முடிகிற மாதமும் ஒன்று. நாள் கூடக் குறைய இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒன்பது மாதம் என்று எழுதுவார், அண்ணி பத்து மாதம் என்பார். இரண்டு கணக்கிலும் குழந்தை ஒரே நாளில்தான் பிறக்கும். அதனால் அண்ணியின் எண்ணிக்கையைச் சந்தேகிக்க யாருக்கும் காரணம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

அமிர்தியிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பக்கத்தில் எங்கள் ஊர். நிலம் கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானேதான் போகவில்லை. பெங்களூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், கேரளத்தில் அன்னாசித் தோட்டத்தில் முள் குத்திய கையோடு ஒரு வருடம் இருந்தேன், லாரியில் கிளீனராக ஒடிசா வரைக்கும் போனேன். ஒரு ஊர் பழகியதும் அடுத்த ஊர் என்று கிளம்பிவிடுவேன். பஸ் நிலையத்தில் படுத்த நாள்களும் சாப்பிடாத நாள்களும் உண்டு. அவை எல்லோருக்கும் இருப்பவைதான். அண்ணன் வேறு மாதிரி. ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருந்தார். அந்த வேலை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றின் சலவைப் பகுதியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, பயணிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிப்பது. ஒன்பது மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு. இப்படிப் பத்து வருடம்.

கல்யாணமான மூன்றாம் மாதமே அண்ணிக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணன் முதல் தடவை கப்பல் ஏறினார். ஒரு நாள் உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தாராம். அந்தச் சின்ன நீலப் புத்தகம் பீரோவில் அண்ணியின் கூறைப்புடவைக்கு அடியில் பத்து வருடம் இருந்தது. ஒரு முத்திரையும் விழவில்லை. முதல் பக்கத்தில் இருந்த படத்தில் அண்ணிக்கு இருபத்திரண்டு வயது. கேமராவைப் பார்த்துக் கோபப்படுகிற மாதிரி இருக்கும். பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, எங்கள் அப்பா காலமானார், மேல் நிலத்தில் கிணறு வெட்டி அது ஒரு கோடையில் வற்றியும் போனது. எல்லாவற்றையும் அண்ணி தனியாகப் பார்த்தார். அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

அவர் சொன்ன குறை ஒன்றே ஒன்று. விடுமுறைக்கு வரும் அண்ணன் சரியாகத் தூங்குவதில்லை. அகலமான கட்டில் இருக்க, சுவரை ஒட்டி, முழங்காலை வயிற்றோடு மடக்கி, வலது கையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு படுப்பார். நான்கு மணிக்கு எழுந்து போர்வையின் நான்கு மூலையும் சேர்த்து மடித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். கப்பலைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் மேல் தளத்தைப் பற்றி: நீச்சல் குளம், விளக்குகள், பன்னிரண்டு வகை ரொட்டி. அவர் இருந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

அந்த வருடம் நான் முதுகு வலியோடு ஊருக்கு வந்திருந்தேன். அண்ணன் போனில் அழைத்தார். கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது, அங்கிருந்து ஐந்து நாளில் இலங்கைக்குப் போய்த் திரும்புகிறது, ஊழியரின் மனைவிக்கு ஒரு தடவை குறைந்த கட்டணத்தில் இடம் கொடுக்கிறார்கள், தான் தங்கும் அறை வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டலாம். இந்த ஒப்பந்தத்தோடு தான் வேலையை விடப்போவதாகவும், அதற்குப் பிறகு இப்படி ஒரு வாய்ப்பு இல்லை என்றும் சொன்னார். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

ஊரில் பெண்கள் கேலி பேசினார்கள். கப்பலில் வாந்தி வரும், கொழும்பில் எனக்கு ஒரு சேலை வாங்கி வா என்றெல்லாம். அண்ணி என்னிடம் மட்டும் சொன்னார்: "எனுக்குக் கடலும் வேணாம், கொழும்பும் வேணாம் தம்பி. இந்த ஆளு எங்க படுத்துட்டு வர்றாருன்னு ஒரு தடவ பாத்துட்டா போதும். பத்து வருசமா யாரோ ஒருத்தரு என் வூட்ல வந்து படுத்துட்டுப் போற மாதிரி கீது."

சந்தவாசலில் ஆன்லைன் வேலைகள் பார்க்கும் பாய் ஒருவரின் கடைக்கு இரண்டு பேரும் போனோம். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஆதாருல பேரு மாத்தவே மூணு மாசம் அலையிற ஊர்லருந்து கப்பலுக்கா வர்றீங்க?" என்றார். இலங்கைக்கான அனுமதி, டிக்கெட் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் விதிகள் இருந்தன. அண்ணி தாளை என் பக்கம் தள்ளினார். "இன்னா கொழுந்தனாரே, எட்டாவது பாஸ் பண்ண ஆபீசரு, படிச்சுச் சொல்லேன்." நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆறு மாதம் என்ற இடம் புரிந்தது. திரும்பி வரும் நாளிலிருந்து என்று அதன் பக்கத்திலேயே இருந்ததும் கண்ணில் பட்டது. பட்டதே தவிர, அதற்குமேல் யோசிக்கவில்லை.

பாய் கேட்டார். "அக்கா, பாஸ்போர்ட்டு ஆறு மாசம் கீதா? பாத்துக்கோங்க."

புத்தகம் ஜனவரி இரண்டாம் தேதியோடு முடிகிறது. ஜனவரி இரண்டு என்றால் மார்கழி நடு. கப்பல் கிளம்புவது ஜூலை பத்து, ஆனி கடைசி. அண்ணியின் கட்டைவிரல் நகர்ந்தது. ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி.

"ஏழு கீது பாய். ஆனிய வுட்டாலும் ஆறு."

"அப்ப சரி," என்றார் பாய். வெளியில் வந்து டீ குடித்தோம். கப்பலுக்கு அப்போது நாற்பது நாளுக்கு மேல் இருந்தது. வேலூருக்கு ஒரு தடவை போய்ப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால் முடிந்திருக்கும்.

ஜூலை பத்தாம் தேதி துறைமுகத்தில் இறங்கியபோது கப்பல் நின்றுகொண்டிருந்தது. மலையைத் தினமும் பார்க்கிற எங்களுக்கே அது பெரிதாகத் தெரிந்தது. வெள்ளையாக, வரிசை வரிசையாக ஜன்னல்களோடு இருந்தது. அண்ணி மேலே பார்க்கவில்லை. கீழே, தண்ணீரைத் தொடும் இடத்தில் ஜன்னலே இல்லாத பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையில் சாமை முறுக்கு இருந்தது, அண்ணனோடு அறையில் இருக்கும் மூன்று பேருக்கும் சேர்த்து. வெளி உணவு கூடாது என்று நான் படித்துச் சொல்லியும் கேட்கவில்லை.

சோதனை மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். புத்தகத்தை இயந்திரத்தில் வைத்தார், கணினியைப் பார்த்தார், மறுபடி வைத்தார். "பதினாலாம் தேதி திரும்பறீங்கம்மா. அன்னிலேருந்து ஆறு மாசம் வேணும். பொங்கல் வரைக்கும் இருக்கணும். இது பன்னெண்டு நாள் முன்னாடியே முடிஞ்சிடுது" என்றார்.

அண்ணி கையை மேசை மேல் வைத்து எண்ணிக் காட்டினார். நிதானமாக, ஒவ்வொரு மாதத்தின் பெயரையும் சொல்லி. அந்தப் பெண் இடையில் தடுக்காமல் முழுவதும் பார்த்தார். "எங்கம்மாவும் இப்படித்தான் எண்ணுவாங்க. இந்த மெஷினு நாளத்தான் பாக்கும்" என்றார்.

"நான் அஞ்சு நாள்ல திரும்பி வந்துர்றேனே. வந்த பெறகு இந்த புஸ்தகம் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? அஞ்சு நாளுக்கு உசுரு கீதுல்ல அதுக்கு?"

அதற்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போகலாம், கப்பல் பழுதாகி நிற்கலாம், அப்போது கையில் உயிருள்ள புத்தகம் இருக்க வேண்டும் என்று அந்த நாடும் கப்பல்காரர்களும் எதிர்பார்ப்பார்கள். மேலதிகாரியிடமும் கேட்டுப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்திலேயே தெரிந்தது. பத்து வருடம் என்று கொடுக்கப்படும் பாஸ்போர்ட் பயணத்துக்கு ஒன்பதரை வருடம்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நியாயமற்ற விதி என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணின் மேலும் கோபம் வரவில்லை. படித்தும் யோசிக்காதவன் நான். அதை அண்ணியிடம் சொன்னேன். "நீ படிச்ச, நான் எண்ணுனேன், வுடு" என்றார்.

அண்ணனுக்கு அடித்த போன் போகவில்லை. சலவைப் பகுதியில் சிக்னல் கிடைக்காது. மாலை ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை ஓரத்தில் நின்று பார்த்தோம். சாமை முறுக்கை அண்ணி பிரித்து எனக்குக் கொடுத்தார், டீக்கடைக்காரருக்கும் கொடுத்தார், தானும் தின்றார். ஊர் திரும்பும் பஸ்ஸில் காஞ்சிபுரம் தாண்டும்போது அண்ணியின் போன் அடித்தது. கரையிலிருந்து சிக்னல் விட்டுப்போவதற்கு முன்பு மேல் தளத்துக்கு ஓடி வந்து பேசுகிறார் அண்ணன். காற்றுச் சத்தம் எனக்கே கேட்டது. ஏறும் படிக்கட்டுப் பக்கம் வேலையை மாற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றாராம். அண்ணி நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேள்வி. "நான்தான் எண்ணுனேன்," என்றார் அண்ணி. "சாப்ட்டீங்களா?" என்று அண்ணி கேட்பதற்குள் போன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு கப்பல் வேறு கடல்களுக்குப் போய்விட்டது. நானும் சில மாதம் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் இருந்துவிட்டு மார்கழியில் வந்தேன். என்னைத் தொடர்ந்து ஒரு வாரத்தில் அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். இப்போது மலையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகும் பையன்கள் சிலர் என்னிடம் தாளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். திரும்பும் தேதியை வட்டமிட்டு, ஆங்கில நாட்காட்டியில் நாள் நாளாக எண்ணச் சொல்கிறேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் அண்ணியை நினைத்தால் எனக்குத் துறைமுகம் நினைவுக்கு வருவதில்லை. அந்த மார்கழி வெயில்தான் நினைவுக்கு வருகிறது.

கொள்ளு அறுத்து, அடிப்பதற்காகக் களத்தைச் சாணம் போட்டு மெழுகிக் காயவிட்டிருந்தார்கள். முந்திய இரவும் அண்ணன் சுவரோரம்தான் படுத்திருந்தார். பத்து மணி இருக்கும். அண்ணி அடுப்புச் சாம்பல் ஒரு முறம் கொண்டுவந்து களத்தின் நடுவில் வைத்தார்.

"எங்க படுத்திருந்தீங்க, போட்டுக் காட்டுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். "இன்னாத்துக்கு இதெல்லாம்," என்றார். அண்ணி முறத்தை எடுக்கவில்லை. கடைசியில் அவர் குனிந்து, அடி வைத்து அளந்து, சாம்பலால் கோடு போட ஆரம்பித்தார். நீளத்துக்கு ஒன்பது அடி, அகலத்துக்கு ஏழு. இரண்டு பக்கமும் கட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக. இங்கே அலமாரி. இங்கே கைகழுவும் தொட்டி. ஓரிடத்தில் கோடு போடாமல் விட்டு, வாசல் என்றார்.

"ஜன்னலு?"

"கெடையாது. தண்ணிக்குக் கீழ கீதுல்ல."

"நாலு பேரா இதுல?"

"மூணு பேரு வேலைல இருப்பாங்க. இல்ல, ரெண்டு பேரு."

அண்ணி வாசல் வழியாக உள்ளே போனார். அண்ணன் காட்டிய கட்டிலில் படுத்துப் பார்த்தார். கால் கோட்டைத் தாண்டியது. முழங்காலை மடக்கிக்கொண்டார்.

"கைய எதுக்கு மூஞ்சி மேல போட்டுக்கறது?"

"மேல் கட்டில் ஆளு ரெண்டு மணிக்கு வந்து லைட்டப் போடுவான். அவனுக்கும் துணி மாத்தணும்ல."

அண்ணி வலது கையைத் தூக்கி முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். மார்கழி வெயில் அவர் மேல் நேராக விழுந்தது. அப்படியே வெகுநேரம் கிடந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். அண்ணன் கோட்டுக்கு வெளியே, எங்கே நிற்பது என்று தெரியாதவரைப் போல நின்றார். பிறகு அண்ணி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, எந்தக் கோட்டையும் மிதிக்காமல், விட்டிருந்த வாசல் வழியாகவே வெளியே வந்தார்.

அண்ணன் காலால் சாம்பலைக் கலைக்கப் போனார்.

"வுடுங்க," என்றார் அண்ணி. "நாளைக்கு கொள்ளு அடிக்கறப்ப தானா போய்டும்."