கோட்டுகால் சாலையில் நின்றுபோன வேன்

ராஜப்பன் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பாறசாலை ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் வின்சென்ட் போனில் கூப்பிட்டார். "சேச்சி, நம்ம ராஜப்பன் அண்ணன் போயிட்டாரு. விடியக்காலம் ஆக்கும்" என்றார். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். "மூணு மணிக்கு. நீங்க வரணும் கேட்டியளா. ஆளு இல்ல" என்றார்.

மூன்று மணிக்கு அவர் முற்றத்தில் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். அதில் ஏழு பேர் ஸ்டாண்டு ஓட்டுநர்கள். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து இந்தப் பக்கத்து ஊர்களுக்கு இறந்தவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பதையே இருபது வருடத்துக்கு மேல் வேலையாகச் செய்தவர் அவர். அவர் வண்டி போய் நின்ற எந்த முற்றத்திலும் கூட்டம் இல்லாமல் இருந்ததில்லை. அவருடைய முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன.

பதினாறாம் நாள் ஸ்டாண்டில் கூடும்போது ஏதாவது பேசவேண்டும் என்று வின்சென்ட் கேட்டார். பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் அவரோடு வருடக்கணக்கில் ஒரே வரிசையில் வண்டி போட்டவர்கள். எனக்குத் தெரிந்தது ஒரு பகலும், அதற்குப் பின் வந்த மூன்று நான்கு சந்திப்புகளும்தான்.

அந்தப் பகல் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மேட மாதத்தில், சித்திரை வெயிலில் வந்தது. என் கணவர் மணிகண்டன் பாறசாலையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். மஞ்சள்காமாலை முற்றிப் பன்னிரண்டு நாள் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் கிடந்து, பதின்மூன்றாம் நாள் காலையில் இறந்தார். அவருக்கு முப்பத்தாறு வயது, எனக்கு முப்பத்தொன்று. கூட இருந்த அவர் தம்பி மாற்றுத்துணி எடுக்க முந்தின நாள் மாலை எங்கள் ஊர் காரோட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது, தம்பி அந்தப் பக்கம் அழுதுகொண்டே, "அண்ணி, ரோடு முழுக்கக் கல்லு போட்டு அடைச்சிருக்கு. நாங்க எப்படி வர?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை.

பந்த் நாளில் வண்டி எடுக்க இரண்டு ஓட்டுநர்கள் மறுத்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் ராஜப்பன் அண்ணன். அரைக்கைச் சட்டை, மடித்துக்கட்டிய வேட்டி, நாற்பது வயது இருக்கும். ஊழியர் ஒருவர் அவரிடம், "அந்த பாடி காரோட்டுக்கு" என்றார். இவர் அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம் திரும்பி, "ஆளுக்குப் பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "மணிகண்டன் காரோட்டுக்கு. அப்படிச் சொல்லணும். பேரு தெரியாம நான் ஆரையும் ஏத்தமாட்டேன்" என்று அந்த ஊழியரிடம் சொல்லிவிட்டு, தலைமாட்டைத் தானே பிடித்துத் தூக்கினார்.

வண்டி ஒரு வெள்ளை பெட்ரோல் வேன். நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாலராமபுரத்தில் டயர் எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் எட்டி உள்ளே பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். விட்டுவிட்டார்கள். ஆனால் நெய்யாற்றின்கரைக்கு முன்னால் மரம் வெட்டிப் போட்டிருக்கிறது, விழிஞ்ஞம் வழியாகச் சுற்றிப் போங்கள் என்றார்கள். அப்படித்தான் நாங்கள் கோட்டுகால் சாலைக்கு வந்தோம். பதினொன்றரை மணிக்கு, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். பிறகு என்னை இறங்கச் சொல்லி, முன்சீட்டைத் தூக்கிப் பின்னால் சாய்த்தார். எஞ்சின் அதன் அடியில் இருந்தது. பிளக்கிலிருந்து ஒரு வயரை உருவி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, வெளியே நின்னே கையை நீட்டிச் சாவியைத் திருப்புங்க" என்றார். திருப்பினேன். "தீப்பொறி வருதா?" என்று நான் கேட்டேன். அவர் என்ன தேடுகிறார் என்பது எனக்கே எப்படியோ விளங்கியிருந்தது. "வரல்ல" என்றார்.

மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து, பொறி உண்டாக்கும் பாயிண்டைத் தேய்த்தார். மறுபடி சாவி. இந்த முறை ஒரு மஞ்சள் புள்ளி மின்னி அணைந்தது. நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாயிண்ட் இல்ல, கண்டென்சர் ஆக்கும். இது மாத்தாம ஓடாது" என்றார். பெருவிரல் நுனி அளவுள்ள ஒரு உலோகக் குப்பி, ஒரு சின்ன வயரோடு. அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு சைக்கிள்கூட வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் பனிக்கட்டி எதுவும் வைத்திருக்கவில்லை. உடம்பு இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை.

"தங்கச்சி, அந்த வளைவு தாண்டினா ஒரு பச்சை கேட்டு உண்டு. உள்ள ஷெட்டில ஒரு பழைய பெட்ரோல் காரு கெடக்கு. இதக் காட்டி, இதுபோல ஒண்ணு வேணும்னு கேளுங்க."

"நானா?"

"நீங்கதான். நான் இங்க இவருகிட்ட இருக்கேன். பயப்படாம போங்க, ஒண்ணும் பேடிக்காண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. கணவனை இழந்து ஆறு மணி நேரம் ஆகாத ஒருத்தியைக் கையில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறாரே என்று. ஆனால் வாக்குவாதம் செய்யத் தெம்பில்லை. நடந்தேன். செருப்பு தார் ரோட்டில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

பச்சை கேட்டைத் தட்டினேன். நெடுநேரம் கழித்து வயதான ஒருவர் ஜன்னலைப் பாதி திறந்து, "ஆரா?" என்றார். நான் மலையாளத்தில் கண்டென்சர் வேண்டும் என்று சொன்னேன். பந்த் நாளில் வண்டி எதற்கு எடுத்தாய் என்று அவரும் மலையாளத்தில் அதட்டினார். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். "என்றெ பர்த்தாவு மரிச்சுபோயி" என்றேன்.

காலையிலிருந்து யாரிடமும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. போனில்கூட, "முடிஞ்சிட்டுது" என்றுதான் சொன்னேன். கணவர் இறந்துவிட்டார் என்ற வாக்கியத்தை என் வாய் முதல்முதலாகச் சொன்னது ஒரு அந்நியரிடம், என் வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ளாத மொழியில். அதனால்தானோ என்னவோ, தடையில்லாமல் வந்துவிட்டது. அந்தப் பெரியவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். என் உச்சரிப்பைக் கவனித்திருக்க வேண்டும். தமிழில், "வீடு எங்க மக்கா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஷெட்டுக்குப் போனார். சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நின்ற ஒரு காரின் பானெட்டைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தானே கழற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "ஓடிப்போ மக்கா" என்றார்.

திரும்பி வந்தபோது வேனின் பின்கதவு திறந்திருந்தது. ராஜப்பன் அண்ணன் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து, என் கணவரின் முகத்தில் ஈ உட்காராமல் வீசிக்கொண்டிருந்தார். சட்டை ஈரமாக இருந்தது. வாய்க்கால் எங்கேயோ கண்டுபிடித்து நனைத்திருக்கிறார். நான் வருவதைப் பார்த்துவிட்டு, "மணிகண்டன், உம்ம வீட்டுக்காரி வாறா" என்று அவரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னார்.

துளை பொருந்தவில்லை. செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டினார். நான் சாவியைத் திருப்பினேன். மூன்றாம் தடவை எஞ்சின் பிடித்தது. "ஆச்சு!" என்று நான் கத்திவிட்டேன். ஒரு கணம் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அடுத்த கணம் பின்னால் யார் கிடக்கிறார் என்பது நினைவுக்கு வந்து, அந்தச் சந்தோஷத்துக்காகக் கூசிப்போனேன். அவர் அதைப் பார்த்தார். "சந்தோசப்படலாம், தங்கச்சி. வீட்டுக்குக் கொண்டுபோறோம்லா" என்றார்.

மூன்று மணிக்கு முன்னால் காரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு நடந்தவை எனக்கு முழுதாக நினைவில்லை. வீட்டில் விட்டிருந்த என் சின்ன மகளை யாரோ என் மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் முடிந்தது. ஓட்டுநரைப் பற்றி நான் நினைத்தபோது வேன் நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகள்தான் இருந்தன.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வேனில் வரவில்லை, பஸ்ஸில் வந்தார். வீட்டுக்குள் வராமல் வழியிலேயே நின்று, "அந்தக் கண்டென்சர திருப்பிக் கொடுக்கணும். வாங்கினது நீங்க, கொடுக்கதும் நீங்கதான்" என்றார். காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். இருவரும் பஸ் மாறி மாறிக் கோட்டுகால் போனோம். அவர் வளைவுக்கு இப்பாலே ஓடைக் கலுங்கின் சுவரில் உட்கார்ந்துகொண்டார். "நீங்க போய்க் கொடுத்துட்டு வாங்க" என்றார். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இந்தக் காரு இனி எங்க ஓடப்போவுது?" என்று சிரித்தார். ஆனாலும் ஷெட்டுக்குப் போய் அதை இருந்த இடத்திலேயே மாட்டினார்.

இனி எழுதப்போவதை எழுதாமலும் இருக்கலாம். ஆனால் அவரை அறிந்த உங்களிடம் மறைப்பது சரியில்லை. அதற்குப் பிறகு நான்கைந்து வருடம் நான் ராஜப்பன் அண்ணனைத் தவிர்த்தேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு வேலை கிடைத்து, தினமும் பாறசாலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஸ்டாண்டில் அந்த வெள்ளை வேன் நிற்பதைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அந்த நிறத்தைப் பார்த்தாலே எனக்கு அந்த வெயில் அடிக்கும். ஒரு நாள் மருந்துக் கடை வாசலில் நேருக்கு நேர் வந்துவிட்டார். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவரே திரும்பி, ஒரு போஸ்டரை வாசிப்பதுபோல நின்றுகொண்டார். எனக்கு அவர் அந்தச் சிரமத்தைக்கூடக் கொடுக்கவில்லை. ஆட்கள் தன்னைத் தவிர்ப்பது அவருக்குப் பழக்கமாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எந்த நேரமும் ஆள் வந்து கூப்பிட அவர் எழுந்து போவது பிடிக்காமல், மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கள்ளிக்காட்டில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். "அவளைக் குத்தம் சொல்லமாட்டேன். அவளுக்கு அலுத்து மடுத்துப்போச்சு" என்பார். அதைச் சொல்லும்போது குரல் மாறாது.

என் மகள் கல்யாணத்துக்கு நானே ஸ்டாண்டுக்குப் போய்ப் பத்திரிகை கொடுத்தேன். வந்தார். பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் தூரத்திலிருந்து கும்பிட்டார். கிட்டே வாருங்கள் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், வரவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது நான்கு மாதத்துக்கு முன்பு. நடக்க முடியாமல் ஆகியிருந்தது. கள்ளிக்காட்டிலிருந்து மகள் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறாள் என்றார். வின்சென்ட் கொண்டுவந்த கஞ்சி மூடியபடி இருந்தது. நான் ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தார். இத்தனை வருடமாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன்.

"அண்ணே, அந்த வீட்டில காரு உண்டுன்னு உங்களுக்குத் தெரியும். எது வேணும்னும் தெரியும். பின்ன என்னத்துக்கு என்னை அனுப்பினிய? நான் சும்மா இருந்தா உடைஞ்சு போவேன்னா?"

அப்படித்தான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வேலையைக் கொடுத்து என்னைத் தாங்கினார் என்று பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது, தங்கச்சி" என்றார். "அந்த ரோட்டில நான் கொண்டுபோகாத வீடு கொறவு. என் முகம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெரியவருக்கு ரெண்டு பயலுவ, ரெண்டு பேரும் வெளியூரில. பந்த் நாளு. ஊரெல்லாம் கல்லெறி. நான் கேட்டில போய் நின்னா அந்த மனுசன் என்ன நினைப்பாரு? என்னையக் கண்டா யாரும் என்ன வேணும்னு கேக்கமாட்டாங்க. செத்தது ஆருன்னுதான் கேப்பாங்க."

கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். "உங்களுக்குத் தொறந்தாங்கல்லா. அது மதி, அது போதும்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அந்தப் பதில்தான். தன்னைக் கண்டு ஒரு அந்நியரின் நெஞ்சு ஒரு நிமிடம்கூட அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, அந்த வெயிலில் அவர் சாலையோரமே நின்றார். அது பெரிய காரியம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு நான் கிளம்பினேன். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், தொறந்தே கெடக்கட்டு" என்றார் ராஜப்பன் அண்ணன்.