கரகம் திரும்புகிற இடம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் செத்துப்போன என் தங்கையின் பிள்ளைகள். ஆறு பேருக்கும் நடை பழக்கியது இந்தத் தெருவில்தான். இன்றைக்கு இந்தத் தெருவில் கால் வைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதிலில் போய் முட்டுகிற தெரு எங்களுடையது. ஒரு பக்கம் நுழைந்தால் அதே பக்கம்தான் வெளியே வர வேண்டும். பெரிய ரோட்டில் தெரு தொடங்குகிற இடத்தை மட்டும் கொஞ்ச நாள் முன்பு அழகு செய்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் கல் பதித்தார்கள். உட்கார சிமெண்டு பெஞ்சு போட்டார்கள். சுவரில் மயில், ஏர் ஓட்டுகிறவன், நாற்று நடுகிற பெண்கள் எல்லாம் வரைந்து, மேலே ‘நமது ஊரின் வரலாறு’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன் நான், அதைப் படித்துவிட்டேன். நாற்று நடுகிறவள் பட்டுப்புடவை கட்டியிருக்கிறாள். நான் நாற்று நட்டவள். சேற்றில் எவள் பட்டு கட்டினாள்? அந்தப் பெண்களின் காலடியில் ஆம்பளைகள் நின்று ஒன்றுக்குப் போகிறார்கள். பாக்குத் துப்பல் மயிலின் கழுத்து வரை ஏறியிருக்கிறது. கல்லுக்கு அடியில் சாக்கடை. மழை பெய்த மறுநாள் கல்லை மிதித்தால் இடுக்கு வழியாகப் பீச்சி அடித்துப் புடவைக் கரையெல்லாம் கறுப்பாகிறது.

எங்கள் தெருவின் கதையை அந்தச் சுவரில் யாரும் எழுதவில்லை. வயல்கள் கம்பெனிகளுக்குப் போன பிறகு, அந்த வயல்களில் கூலி வேலை செய்த எங்களுக்கு இங்கே மனை கிடைத்தது. தெருவுக்கு எவ்வளவு விடுவது என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று அளக்க வந்தவர் சொல்லிவிட்டார். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற நாளில் அம்மன் கரகம் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வரும். வந்த கரகம் பின்னடி வைக்கக் கூடாது; அது எங்கள் வழக்கம். முட்டுகிற தெரு என்பதால், கடைசியில் முழு வட்டமாகச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அதனால் என் மாமியார் பூசாரியின் தலையில் ஒரு வெறும் பித்தளைக் குடத்தை வைத்தார். இரண்டு பக்கமும் பம்பை மேளம் அடிக்கிறவர்களை நிறுத்தி, மதிலோரம் சுற்றச் சொன்னார். பம்பை எதுவரை வந்ததோ அங்கே முளை அடித்தார்கள். முளைக்கு அந்தப் பக்கம்தான் வீடுகளைக் கட்டினோம். கடைசி வீடு எங்களுடையது. எங்கள் வாசலில்தான் கரகம் திரும்பும். அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு.

இந்த ஆடியில் விழாக் குழுப் பிள்ளைகள் வந்தார்கள். தலைவன் என்கிறவன் மூக்கு ஒழுகத் திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

“ஆயா, இந்த வாட்டி கரகம் உள்ள வராது. ரோட்டாண்ட கல்லு போட்ட எடத்துலயே நின்னுடும். தட்டு எடுத்துகினு அங்க வந்துடுங்க. லைட்டு, செட்டு, செல்ஃபி எடுக்க எடம், எல்லாம் சோக்கா போட்டுக்கிறோம்.”

“இன்னாடா, ரேஷன் கடையா அது? அம்மன பாக்க நான் கியூல நிக்கணுமா?”

“கோவிச்சிக்காத ஆயா. போன வருசம் திரும்பசொல்ல பூசாரிக்குக் கால் தட்டிச்சா இல்லியா? கரகம் சாஞ்சு பூ கொட்டிச்சே. இந்த வாட்டி கீய வுயுந்துச்சுன்னா ஊரே என்னை மேஞ்சிடும்.”

“கால் எதுல தட்டுச்சு?” என்றேன்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அவர்கள் போனதும் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவள் தலையில் என் பிளாஸ்டிக் குடத்தை வைத்து, மதிலோரம் சுற்றச் சொன்னேன்.

“யக்கா, இந்த வயசுல என்னை ஆட வுட்டுப் பாக்கறியா?” என்று சிரித்துக்கொண்டே சுற்றினாள். பாதி வட்டம் வருவதற்குள் அவள் கால் ஒரு சிமெண்டு மேட்டில் இடித்தது. வண்டி ஏற்றுவதற்காக என் மகன் வாசலில் போட்ட சாய்வு மேடு அது.

குடத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “அம்மனுக்கு வழிய மறிச்சுகினு நிக்கறது உன் புள்ளையோட வண்டிதான் யக்கா. எங்க ஊட்டுப் படியெல்லாம் தூசி.”

தெரு முழுவதையும் காறித் துப்பிக்கொண்டிருந்த எனக்குத் துப்ப இடமில்லாமல் போனது.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து மகன் வந்தான்.

“அத இடிச்சிடு நைனா.”

“எதிர் ஊட்டுக்காரன் மொதல்ல அவன் மேட்ட இடிக்கட்டும், நானும் இடிக்கறேன். வண்டிய வெளிய வுட்டா பெட்ரோல உருவிடுவானுங்க. ரெண்டு நிமிசம் வந்துட்டுப் போற சாமிக்கு வருசம் முச்சூடும் நான் பேஜாரு படணுமா?”

வண்டியைப் பற்றி அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் எதிர் வீட்டுக்காரன் முதலில் செய்யட்டும் என்றானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்தத் தெரு இந்த நாற்றம் நாறுகிறது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் கடப்பாரையை எடுத்தேன். சிமெண்டு எகிறியது, இடியவில்லை. மருமகள் வெளியே வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன்.

“எட்டப் போ அத்தே, கால்ல போட்டுக்கப் போற” என்று கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“உன் புருசன் கேட்டா இன்னா சொல்லுவ?”

“உங்கம்மாதான் இடிச்சாங்கன்னு சொல்லுவேன். ஊர்ல வேற யாருக்கு அவ்ளோ திமிரு?”

மதியத்துக்குள் மேடு தரையோடு தரையானது. சாயங்காலம் மகன் வந்து பார்த்தான். வண்டியைத் திருப்பி, சிநேகிதன் வீட்டுக் கொட்டகையில் விடப் போய்விட்டான். எதிர் வீட்டுக்காரன் அவன் மேட்டைத் தொடவே இல்லை. நான் பூசாரியை வரவழைத்து வெறும் குடத்தோடு சுற்றிப் பார்க்கச் சொன்னேன். சுற்றி முடித்து, இடம் போதும் என்று தலையை ஆட்டினார். விழாக் குழுத் தலைவனும் கரகத்தை உள்ளே கொண்டுவர ஒப்புக்கொண்டான்.

கரகம் வந்தது. அதை எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் பூசாரியின் காலையே பார்த்தேன். எதிலும் தட்டாமல், பின்னடி வைக்காமல், முழு வட்டம் சுற்றியது. அந்தக் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதனால் தெரு சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கூழ் குடித்த பிளாஸ்டிக் தம்ளர்கள் அன்றே சாக்கடையை அடைத்தன. செட்டு போட்டவர்கள் அம்மன் முகத்துக்கு எதிரே சினிமாக் குத்துப் பாட்டு வைத்தார்கள். இடித்த சிமெண்டுக் கட்டிகளை மதிலோரம் ஒதுக்கினோம், யாரும் அள்ளவில்லை. அதன் மேல் குழந்தை மலம் துடைத்ததையெல்லாம் சுருட்டிப் போடுகிறார்கள். இதைவிடக் கேவலம், மேடு இருந்த இடம் காலியாக இருக்கிறதென்று எதிர் வீட்டுக்காரன் அவனுடைய பழைய ஆட்டோவைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினான்.

அன்று சாயங்காலம் மகன் வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டான்.

“அண்ணே, ஆட்டோவ எடு.”

“இன்னாப்பா, எடம் சும்மாதான கெடக்குது?”

“சும்மா கெடக்கல. எங்கம்மா இடிச்சது கரகத்துக்கு. உன் ஆட்டோவுக்கு இல்ல.”

அவன் ஆட்டோவை நகர்த்தும் வரை மகன் அங்கேயே நின்றான். பிறகு உள்ளே வந்து என்னைத் தாண்டிப் போய்க் கை கழுவினான். இடித்த நாளிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். ஆட்டோ போன இடத்தை நான்தான் தண்ணீர் தெளித்துப் பெருக்கினேன்.

எழுதிட்டியா கண்ணு? இப்போ மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. சத்தமா படி. உங்கப்பன் காதுல வுயட்டும்.