சின்னவருக்கு வைத்த பேர்

எங்கள் மானாம்பதியில் துரியோதனன் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு கிணறு. அதற்கப்புறம் ஓர் ஆயில் இன்ஜின். ஆள் அதற்கும் அப்புறம்தான். ஆள் என்னவோ பரம சாது. வரப்பில் தவளை குறுக்கே வந்தால்கூட நின்று வழிவிட்டு நடக்கிற மனிதர். அவருடைய அப்பா கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர். பாரதத் திருவிழாவில் துரியோதனன் அடிபட்டு விழுகிற படுகளத்தன்று பிள்ளை பிறக்கவும், வேறு பேரே கிடைக்காத மாதிரி வேஷத்தின் பேரையே வைத்துவிட்டார். உத்திரமேரூர் வட்டாரத்தில் தருமன் உண்டு, அர்ச்சுனன் உண்டு, தேடினால் நகுலன்கூட அகப்படுவான். இந்தப் பேரை எவன் வைப்பான்? அதனால் அவர் வெட்டிய கிணறு துரியோதனன் கிணறு, அவர் வாங்கிய இன்ஜின் துரியோதனன் இன்ஜின். அவர் வீட்டில் ஒரு முரட்டு மாடு இருந்தது. ஊர்ப் பையன்கள் அதற்கும் அதே பேரை வைத்துவிட்டார்கள். மாட்டுக்குத்தான் பேர் பொருத்தமாக இருந்தது.

அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள் சொக்கம்மாள். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிற பெண்கள் இருக்கிறார்கள். சாதாரணப் பேர் என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். ஊரில் பாதிப் பொருளுக்கு அந்தப் பேர் இருந்தால் ஒருத்தி என்னதான் செய்வாள்? கிணறு அவளுக்கு "மாமா கெணறு". இன்ஜின் "டப்டப்பு". மாடு "அந்த முரடு". படுகளத்தன்று கோயில் திடலில் மண்ணால் பிரம்மாண்டமாகத் துரியோதனனைச் செய்து மல்லாத்திப் போட்டிருப்பார்கள். அதைக்கூட அவள், "மண்ணுல படுத்துக்கினு கீறாரே, அவரு" என்று மரியாதையோடுதான் சொல்லுவாள்.

"ஏ சொக்கம்மா, நூத்துவருக்கு அண்ணன் பேரு இன்னாடி?" என்று பெண்கள் வாயைப் பிடுங்குவார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். அப்போது எங்களுக்கெல்லாம் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். மூத்த பேரனுக்குத் தாத்தா பேர்தான் வைக்க வேண்டும், வைத்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் பிள்ளையின் காதில் அந்தப் பேரைச் சொன்னார். அதோடு சரி. அதற்கப்புறம் யார் சொன்னார்கள்? தாய்க்கு அது மாமனார் பேர். தகப்பன் ஏகாம்பரம், பெற்ற நைனா பேரைச் சொல்லி "டேய்" என்று கூப்பிடுவானா? தாத்தா காதில் விழும்படி நாங்கள்தான் அந்தப் பேரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட முடியுமா? ஆக, ஊருக்கே அவன் "சின்னவரு". "சின்னவரே, சோறு துண்ண வாங்க!" என்று சொக்கம்மாள் கூப்பிட்டால், மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு அந்தப் பொடியன் வந்து நிற்பான். அவ்வளவு மரியாதையும் தனக்குச் சேர வேண்டியதுதான் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான்.

எழுபத்தேழாம் வருஷம் மாட்டுப் பொங்கல். காஞ்சிபுரத்து வரதர் பழையசீவரம் மலைக்கு வந்து, பாலாற்றைத் தாண்டித் திருமுக்கூடலுக்குப் போகிற நாள். மணல் தெரியாத கூட்டம். ஆண்கள் மாட்டைக் குளிப்பாட்டவும் கொம்புக்கு வர்ணம் பூசவும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். சொக்கம்மாளும் அவளுடைய ஓரகத்தி சுலோச்சனாவும் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்னவருக்கு அப்போது நாலு வயது. சாமி ஆற்றில் இறங்கியதும், சொக்கம்மாள் பையன் கையை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். கையை இறக்கியபோது பக்கத்தில் பையன் இல்லை.

தேடிப் பார்த்துவிட்டு, காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடுகிற கீற்றுக் கொட்டகைக்கு இருவரும் ஓடினார்கள். அங்கே நடந்ததைச் சுலோச்சனா பிற்பாடு ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

"பையன் பேரு இன்னாம்மா?" என்று மைக்குக்காரர் கேட்டிருக்கிறார்.

சொக்கம்மாள் ஓரகத்தியைப் பார்த்தாள். ஓரகத்திக்கும் அவர் மாமனார்தானே! அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க மாமனாரு பேருங்க," என்றாள் சொக்கம்மாள்.

"உன் மாமனாரு பேரு எனக்கு எப்டிம்மா தெரியும்?"

"பாரதத்துல வருவாரே, அவருங்க."

"அர்ச்சுனனா?"

"இல்லீங்க."

"பீமனா?"

"இல்லீங்க. அவரு தொடையில அடிச்சாரே... அடி வாங்கினவருங்க."

இதைக் கேட்டால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? பெற்ற பிள்ளையைக் காணோம், இவர்கள் விடுகதை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்! ஆனால் அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. வாழ வந்த நாளிலிருந்து நாமெல்லோரும் சேர்ந்து அடைத்து வைத்த வாய். பதறின நேரத்தில் அது மட்டும் எப்படிச் சட்டென்று திறக்கும்?

"துரியோதனனா!" மைக்குக்காரர் சிரித்தேவிட்டார். "எந்தப் புண்ணியவான்மா புள்ளைக்கு இந்தப் பேர வெச்சது?" அப்புறம்தான் மைக்கில் கூப்பிட்டார். துரியோதனன் என்கிற நாலு வயதுப் பையன் எங்கிருந்தாலும் கொட்டகைக்கு வர வேண்டும் என்றதும் ஆற்று மணலே சிரித்தது. "பீமன் எங்கப்பா?" என்று எவனோ ஒரு தடியன் கத்தினான். பொழுது சாயும்வரை கூப்பிட்டார்கள். தேங்கின தண்ணீரிலெல்லாம் ஆள் இறங்கித் துழாவினார்கள். போலீஸிலும் எழுதி வைத்தார்கள். அன்றைக்குப் போன பிள்ளை போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் சொக்கம்மாள் மாமனார் காலில் விழுந்து, நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். அந்தச் சாது மனிதர் சத்தம் போட்டு நாங்கள் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

"எம் பேரச் சொன்னா நான் செத்தா பூடுவேன்? செத்தாத்தான் இன்னா? வாந்து முடிச்சவம்மா நானு! சொல்லு, இப்பச் சொல்லு!"

தெருவே கூடியிருக்க, அவர் முகத்துக்கு நேராக அவள் சொன்னாள். "துரியோதனன்." கிழவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அதற்கப்புறமும் அவர் நன்றாகத்தான் இருந்தார். காலையில் எழுந்து தெம்பாக இன்ஜின் போடப் போவார். அவர் போவதைப் பார்க்கும்போதெல்லாம் சொக்கம்மாள் வாசலில் நின்றபடி அழுதுகொண்டிருப்பாள்.

அப்புறம் அவள் வாயில் அந்தப் பேரைத் தவிர வேறு பேச்சில்லை. "கன்னியப்பன்னு பேரு வெச்சிருந்தா ஊருக்கு ஊரு கீறான், எவன்னு தேடறது? இந்தப் பேரு வேற யாருக்கும் கெடயாது. எங்கனா கீறான்னு யாரனா சொன்னா அது எம் புள்ளதான்," என்பாள். சொல்லவும் செய்தார்கள். வாலாஜாபாத்தில் ஒரு லாரியின் நெற்றியில் அந்தப் பேர் எழுதியிருக்கிறது என்றார்கள். போய் வெயிலில் நின்றாள். அது டிரைவருடைய செத்துப்போன அண்ணன் பேர். மதுராந்தகம் பக்கம் ஒரு துரியோதனன் இருக்கிறான் என்றார்கள். போனாள். பல்லெல்லாம் போன ஒரு கிழவர் எழுந்து வந்து, "இன்னாம்மா வோணும்?" என்றார். செங்கல்பட்டில் இருக்கிறான் என்று எந்தக் கடன்காரனோ வேடிக்கைக்குச் சொல்லிவிட்டான். போய்ப் பார்த்தால் அது ஒரு சண்டைச் சேவல். பேஜார் பிடித்த பயல், கையில் கிடைத்திருந்தால் தோலை உரித்திருப்பேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை.

"சேவலுக்குக்கூட அந்தப் பேர வாய் நெறயச் சொல்றாங்கப்பா," என்றாள் என்னிடம். "பெத்தவ எனக்குத்தான் வாய் வரல."

முரட்டு மாட்டுக்குத் தவிடு வைக்கும்போதுகூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கோயிலுக்குப் போனால் கையைத் தூக்கிக் கும்பிடமாட்டாள். ஒரு கை கீழேயே இருக்கும், எதையோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

எண்பத்து நாலில், ஐயங்கார்குளத்தில் ஒருவரைத் துரியோதனன் என்றுதான் ஊரே கூப்பிடுகிறது என்று செய்தி வந்தது. ஏகாம்பரம் ஓய்ந்துபோயிருந்தான். நான் அவளுக்குத் துணையாகப் போனேன். அவர் பேர் பஞ்சாட்சரம், கூத்தாடி. ஏரிக்கரை ஓரம் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், சேற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து, திருவிழாவில் மைக்கில் கூப்பிட்டது வரைக்கும் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"குந்து தாயி. எனக்கு இது வேசத்தால வந்த பேரு. உம் புள்ளைய நீ இன்னான்னு கூப்புடுவ?"

"சின்னவரேன்னு."

"அவங்கப்பன்?"

"அவரும் அப்டித்தாங்க. அவங்க நைனா பேராச்சே."

"தெருவுல?"

"எல்லாருமே சின்னவருன்னுதான்..."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. நல்ல மனிதர், யோசித்துக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "அப்ப மைக்குல கூவினப்போ, தாத்தாவத்தான் தேடறாங்கன்னு அந்தக் கொயந்த நெனச்சிருக்கும்."

சொக்கம்மாள் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. இத்தனை வருஷமும் பேரைச் சொல்லத் தாமதித்ததுதான் தன் குற்றம் என்று இருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவை பேசினாள். "அவனுக்கு அந்தப் பேரே தெரியாதுப்பா. நான் அவனுக்குக் குடுக்கவே இல்ல." பாவி, நானும்தானே அவனைச் சின்னவரு என்று கூப்பிட்டுக் கொஞ்சினேன்!

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு அவள் திருமுக்கூடலுக்குக் கிளம்பினாள். காது மந்தமாகிப்போன மாமனாரும், "நானும் வருவேன்" என்று வண்டியில் ஏறிக்கொண்டார். கீற்றுக் கொட்டகையில் இப்போது வேறு ஆள். பேரைச் சொல்லும்மா, நான் கூப்பிடுகிறேன் என்றார். நானே சொல்கிறேன் என்று அவள் மைக்கை வாங்கினாள். நடுக்கமே இல்லாத குரல்.

"சின்னவரே, அம்மா பேசறேன். சொக்கம்மா. நீ இப்ப வளந்திருப்ப. எந்த வூட்ல கீறியோ, உன்ன இன்னான்னு கூப்புடறாங்களோ, தெரியல. உன் ஊரு மானாம்பதி. உன் பேரு துரியோதனன்."

வெளியே மணலில் குந்தியிருந்த கிழவர், ஒலிபெருக்கிக் குழாயில் தன் பேரைக் கேட்டதும் கையை ஊன்றி எழுந்து நின்றார். "இதோ வந்துட்டம்மா," என்றார்.

சொக்கம்மாள் அவரைப் பார்த்தாள். மைக்கைத் தள்ளிப் பிடிக்கத் தோன்றவில்லை அவளுக்கு. அதனால் ஆற்றிலிருந்த அத்தனை பேருக்கும் அவள் சொன்னது கேட்டது.

"உங்கள இல்ல மாமா, குந்துங்க." மறுபடி மைக்கின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அப்புறம் சொன்னாள்: "அன்னிக்குக் கூப்புட்டதும் தாத்தாவ இல்ல கண்ணு. உன்னத்தான்."