மாமன் சீரில் வந்த வாத்து

திருப்பூர்ப் பக்கம் 'எக்ஸ்போர்ட்' என்பது ஒரு பாராட்டுச் சொல். நல்ல பனியனைக் கண்டால் எக்ஸ்போர்ட் சரக்கு என்பார்கள். நல்ல மாப்பிள்ளை அமைந்தால்கூட அப்படிச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அருள்புரத்தில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் ஜெயசுதாவும் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தான். ஆகவே மொத்த வியாபாரி ஒரு பெட்டியை இறக்கி, "இம்போர்ட் ஐட்டமுங்க" என்றதும், மறுபேச்சுப் பேசாமல் வாங்கி அடுக்கிவிட்டாள்.

அவள் அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. கடை போடுவதற்கு முன், குழந்தைகள் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் அவள். அங்கே கைக்குழந்தைச் சட்டையின் பட்டனைக்கூட மிஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். பிய்ந்து வந்தால் மொத்த லாட்டும் நின்றுவிடும். தையல் ஊசி உடைந்தால் கேட்கவே வேண்டாம். உடைந்த துண்டெல்லாம் கிடைத்து, ஒட்டிப் பார்த்து முழு ஊசி ஆகிற வரை அந்த மிஷின் ஓடாது. சூப்பர்வைசர் முதல் ஹெல்பர் வரை காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையெல்லாம் துழாவுவார்கள். இங்கிருந்து போகிற சட்டைக்கே இத்தனை பாடு என்றால், அங்கிருந்து வருகிற பொம்மையையும் யாரோ ஒருவர் இழுத்துப் பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்? அவள் கணக்கு இப்படித்தான் போனது. வேறு ஊர்க்காரிக்கு இந்தத் தப்பு வந்திருக்காது.

பெட்டிக்குள் இருந்தவை மஞ்சள் வாத்துகள். வயிற்றை அமுக்கினால் குவாக் குவாக்கென்று கத்தும், கண்ணில் சிவப்பு விளக்கு எரியும். பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்ற பேச்சு அவள் காதிலும் விழுந்ததுண்டு. மிக்ஸி வாங்கும்போது தேடுவாள், குக்கர் வாங்கும்போது தேடுவாள், வாத்துக்குத் தேடத் தோன்றவில்லை. வாத்தும் சூடாக விற்றது.

ஒரு நாள் காலையில் சபிதா வந்து நின்றாள். ஒடிசாவிலிருந்து வந்து, கணவனோடு பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்து, டைலராக வேலை பார்ப்பவள். ஒரு கையில் வாத்து, இன்னொரு கையில் குழந்தை.

"அக்கா, இது கெட்டுப் போச்சு. பேட்டரி வெளிய விழுது. பாப்பா வாயில போட்டுட்டா, நான் விரல் விட்டு எடுத்தேன். வேற குடு அக்கா" என்றாள் சபிதா. வந்தது மாற்றி வாங்கிக்கொண்டு போகத்தான், சண்டை போட அல்ல.

ஜெயசுதா வாத்தைத் திருப்பிப் பார்த்தாள். வயிற்றுக்கடியில் ஒரு சின்ன மூடி. அதில் ஸ்க்ரூ கிடையாது. நகத்தால் நெம்பியதும் அது கழன்று, சட்டைப் பட்டன் அளவுக்கு வட்டமான பேட்டரி உள்ளங்கையில் விழுந்தது. இன்னொரு வாத்தை எடுத்து நெம்பினாள், அதுவும் விழுந்தது. அட்டையில் எங்கே தேடியும் முத்திரை இல்லை.

கடையை அப்படியே போட்டுவிட்டு எதிர் மெடிக்கலுக்கு ஓடினாள். பேட்டரியைக் காட்டி, "இதக் கொழந்தை முழுங்கிட்டா என்னங்க ஆகும்?" என்று கேட்டாள். மெடிக்கல்காரர் சிரிக்கவில்லை. "தொண்டைல நின்னுச்சுன்னா வெந்து புண்ணாயிருமுங்க. எச்சி ஒழுகும், பால் குடிக்காது. ராத்திரி போகட்டும், காலைல பாக்கலாம்னு உக்காந்திருந்தா ஓட்டையே உழுந்துரும். நேரா ஆஸ்பத்திரிதான்" என்றார்.

வியாபாரிக்கு ஃபோன் போட்டாள். அவர் ரொம்பத் தாராளமாகப் பேசினார். "மிச்சம் இருக்கறத அனுப்பீடுங்க, மாத்தித் தந்தர்றன். வித்தது வித்ததுங்க, அதப் போயிக் கெளறாதீங்க. பொம்மைய வாயில வெக்காம பாத்துக்கறது பெத்தவங்க வேலைங்க."

"ஏனுங்க, கொழந்தை வாயில வெக்காம பின்ன மூக்குலயா வெக்கும்? எங்கிட்ட வாங்குனவங்களுக்கு உங்களத் தெரியாதுங்க. என்னையத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். கோபத்திலும் 'ங்க' போடுவது கொங்கு நாட்டுப் பழக்கம். ஆனால் அந்த 'ங்க'வில் இருந்த காரத்தை வியாபாரி அறிந்திருப்பார்.

கணவன் இளங்குமரன் கட்டிங் மாஸ்டர், நிதானமான ஆள். அவருக்கும் பயம்தான். "ஊரெல்லாம் சொன்னீனா கடைப் பேரு கெட்டுப் போகும் சுதா. யாராச்சும் கேட்டு வந்தா மட்டும் திருப்பி வாங்கிக்க" என்றார்.

"ஊசி ஒடஞ்சு போச்சுங்க. அத்தன துண்டும் வரோணும். அது வரைக்கும் இந்தக் கடைல யாவாரம் இல்லீங்க" என்றாள். செக்கிங்கில் இருந்தவளைக் கட்டிக்கொண்டவருக்கு இதற்கு மேல் வாதாட வழியில்லை. போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

வாங்கியவர்களின் பேர் தெரியாது, முகம்தான் தெரியும். அந்த முகங்கள் எல்லாம் கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் கிடைக்கும் என்று அவள் அறிவாள். வாத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள். "இந்த வாத்து வாங்குனவங்க கொண்டாந்து குடுங்க, காசு தந்தர்றன்!" என்று அவள் தமிழில் கத்த, பக்கத்தில் நின்று சபிதா இந்தியில் கத்தினாள். ஜனங்கள் இதை ஏதோ ஆஃபர் என்று எடுத்துக்கொண்டார்கள். சக்கரம் கழன்ற கார், கை ஒடிந்த பொம்மை, எங்கேயோ வாங்கிய ஓடாத கடிகாரம் எல்லாம் வந்து சேர்ந்தன. ஜெயசுதா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. ஷிப்ட்டுக்கு ஷிப்ட் போய் நின்றாள், லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டினாள். வாத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கடைசியில் ஒன்றே ஒன்று வரவில்லை. அது யாரிடம் போனது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பனியன் துணி பின்னும் நிட்டிங்கில் வேலை செய்யும் தரணி என்ற பையன். அக்கா மகனுக்குக் காது குத்து, மாமன் சீர்த் தட்டில் வைக்க வேண்டும், ஜிகினாத் தாள் போட்டுச் சுற்றித் தாருங்கள் என்று கேட்டவன். அவளேதான் சுற்றி, மேலே ரிப்பனும் கட்டிக் கொடுத்தாள். கம்பெனியில் போய் விசாரித்தால் அவன் லீவு. காது குத்து இன்றைக்கு, வெள்ளகோவில் பக்கம், என்று கூட வேலை செய்பவர்கள் மண்டபத்தின் பேரைச் சொன்னார்கள். ஃபோனை அவன் எடுக்கவில்லை. விசேஷ வீட்டில் யார் ஃபோனை எடுக்கிறார்கள்? கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினாள்.

மண்டபத்து வாசலில் சந்தனம் கொடுத்து, "வாங்க வாங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்று பந்திக்குத் தள்ளினார்கள். யார் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. இலையில் உட்காராமல் தப்பித்து வருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நல்லவேளையாகப் பட்டு வேட்டியில் தரணி எதிரே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் செத்துப் போயிற்று.

"அக்கா, சபைல வேண்டாங்க்கா. மாமன் சீர்ல ஓட்டச் சாமான் வெச்சான்னு சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. நாளைக்கு நானே கொண்டாந்து தந்தர்றன்" என்று கெஞ்சினான்.

அவன் சொன்னது பொய்யில்லை. கொங்கு நாட்டில் மாமன் சீர் என்பது மாமனின் மானம். அவளும் ஒரு அண்ணனுக்குத் தங்கைதான், அது தெரியும். ஒரு நொடி தயங்கினாள். பிறகு நேராக மேடைக்குப் போய், குழந்தையின் அப்பா வழித் தாத்தா சென்னியப்பனிடம் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "அய்யா, அந்த மஞ்ச வாத்தத் திருப்பிக் குடுத்துருங்க. அது கொழந்தைக்கு ஆகாதுங்க."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க அம்மிணி, மாமன் சீர்ல வந்தத எடுத்துட்டுப் போறதா? நல்ல காரியம் நடக்கற எடத்துல இதென்னங்க பேச்சு?" என்றார். சொந்தபந்தமெல்லாம் திரும்பித் தரணியைப் பார்த்தது.

"சீர்ல குத்தமில்லீங்க. அந்தத் தம்பி ஆசையாத்தான் வாங்கீட்டு வந்தாரு. குத்தம் என் கடைலீங்க. ஆகாத சரக்க நாந்தான் வித்துட்டன்" என்றாள். சத்தத்தைக் குறைக்கவில்லை.

வாத்தைத் தேடினார்கள். ஒரு நாற்காலிக்கு அடியில் கிடந்தது. ஜெயசுதா குனிந்து எடுத்துத் திருப்பினாள். மூடி இல்லை. உள்ளே பேட்டரியும் இல்லை.

"கோயிலுக்குப் போறப்பக் கண்ணுல வெளக்கு எரிஞ்சுதுங்களே" என்றாள் பிரியங்கா, குழந்தையின் அம்மா. மடியில் நித்தீஷ் மொட்டைத் தலையும் சந்தனமுமாகச் சிணுங்கிக்கொண்டிருந்தான். மோவாயிலிருந்து எச்சில் ஒழுகிப் புதுச் சட்டையை நனைத்திருந்தது.

"பால் குடிச்சானுங்களா?"

"காது குத்துன வலிங்க. வாயிலயே வெக்க மாட்டீங்கறான்."

"இது காது வலி இல்லீங்க கண்ணு. காரை எடுக்கச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் ஜெயசுதா. சென்னியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வையறதுன்னா கார்ல உக்காந்துட்டு வைங்க சாமி. இப்பப் பொறப்படுங்க" என்று அவர் கையைப் பிடித்தே எழுப்பிவிட்டாள்.

ஈரோட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொண்டைக்குக் கீழே வெள்ளையாக, வட்டமாகத் தெரிந்தது. தரணி அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதான். குழாய் விட்டு எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, உள்ளே புண் இருக்கிறது, ஆறுகிற வரை வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். இன்னும் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, பிரியங்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயசுதாவிடம் பிரியங்கா வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "விக்கறப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. "தெரியாதுங்க. திருப்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கலீங்க" என்றாள் ஜெயசுதா.

திட்டுவாள், போகச் சொல்வாள் என்று ஜெயசுதா காத்திருந்தாள்.

"அவன் பால் குடிக்கறதப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் பிரியங்கா.

மன்னிப்பா தண்டனையா என்று ஜெயசுதா ஆராயவில்லை. அங்கேயே தங்குவதற்கு, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு துண்டும் பல் துலக்கும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். இளங்குமரன் ஃபோனில் கூப்பிட்டு, எல்லா வாத்தும் வந்துவிட்டதா, கடையைத் திறக்கலாமா என்று கேட்டார்.

"வாத்து வந்துருச்சுங்க. பையன் பால் குடிக்கட்டும், அப்பறம் தொறக்கலாம்" என்றாள்.