புள்ளியக்காவின் சின்னவன்

பென்சிலைச் சீவி, முனையை ஒருமுறை ஊதிவிட்டு, அறைக் கதவின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் கட்டத்தாளில் ஒரு புள்ளி வைக்கிறார். கணினி அதே புள்ளியை நொடியில் போட்டுவிடும். ஆனாலும் தன் கையால் வைத்தால்தான் அவருக்கு மனம் ஆறும். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் புள்ளியக்கா.

தொலைநோக்கி எங்கோ மலைமேல் இருக்கிறது. அது அனுப்பும் அளவுகளைக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை சரிபார்ப்பது அக்காவின் வேலை. வானத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்பார். "நட்சத்திரத்தோட குடித்தனம் பண்றவளுக்கு வீட்ல பல்பு போனது தெரிய மாட்டேங்குது" என்று லிஃப்ட் பழுதுபார்க்கும் அவர் கணவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பன்னிரண்டு வருடமாக ஒரே நட்சத்திரம். வயதாகி, சிவந்து, ஊதிப்போனது. அதற்கு அக்கா வைத்த பெயர் 'பெரியவர்'. அதைச் சுற்றும் கோள் 'சின்னவன்'. சின்னவனை யாரும் கண்ணால் கண்டதில்லை. அவன் இழுக்கிற இழுப்பில் பெரியவர் லேசாக முன்னும் பின்னும் அசைவார். அந்த அசைவுதான் கதவிலுள்ள புள்ளிகள். அவற்றினூடே, கோள் சுற்றும் கணக்குப்படி அக்கா பென்சிலால் இழுத்த, ஏறி இறங்கும் ஒரு கோடு. அந்த ஏற்ற இறக்கத்தை முதலில் கண்டுகொண்டது அக்காதான். சின்னவனைப் பற்றிக் குழு எழுதிய ஆய்வுக் கட்டுரையில் கடைசியாக அவர் பெயரும் அச்சானது. அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து, பீரோவில் கல்யாணப் போட்டோவுக்கு மேல் வைத்திருக்கிறார்.

"பெரியவர் இன்னும் ஊதினா சின்னவனை முழுங்கிடுவாராமே?" என்று யாராவது சீண்டினால் போதும்.

"அதுக்கு இன்னும் கோடி வருஷம் கிடக்கு. வாயக் கழுவுங்க!"

இந்த வருடம் புள்ளிகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கோடு ஏறுகிற இடத்தில் அவை ஏறாமல் படுத்துக்கொண்டன. அக்கா அளவுகளை மறுபடி மறுபடி சரிபார்த்தார். கோள் என்றால் நேரம் தவறாது. ஊதிப்போன நட்சத்திரமோ, மேனியில் படர்ந்த கறையாலும் உள்ளிருந்து எழும் துடிப்பாலும் சில வருடம் கோள் இருப்பது போலவே போக்குக் காட்டும், பிறகு ஓய்ந்துவிடும்.

அவரைவிட இருபது வயது இளையவரான குழுத் தலைவர் கதவருகே வந்து நின்றார். "அக்கா, அன்னிக்கெல்லாம் மேகமா இருந்திருக்கும். இந்த மூணு புள்ளிய மட்டும் விட்டுடுவோமே. சின்னவன் தப்பிச்சுடுவான்." அக்கா மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார்.

"மேகம் இல்ல தம்பி. அஞ்சு தடவ பாத்துட்டேன். கருவியும் சரியாத்தான் இருக்கு."

"அப்ப தப்புன்னு சொல்லிக் கட்டுரையத் திரும்ப வாங்கணுமேக்கா."

"வாங்கித்தான் ஆகணும். பெரியவருக்கு உடம்பு முடியல, அவ்வளவுதான். நாமதான் புள்ள பொறந்திருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டோம்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்தார். கதவு ஆடாமல் இடக்கையால் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வருடக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெல்ல அழித்தார். ஒரு புள்ளிகூடக் கலையவில்லை.