மூன்றாவது பாட்டும் பதினேழாவது பாட்டும்

“எழுத்து கூட்டினா படிப்பாயிடுமா? இன்னா அர்த்தம்னு சொல்லட்டும், அப்பால பாக்கலாம்” என்றார் பெரியப்பா.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே ஒரு கரும்புக் கொல்லையில், மதியச் சோற்று நேரத்தில், அப்பா, அம்மா உட்பட அத்தனை ஆட்கள் முன்னிலையில் சொன்னார். பெரியப்பா எங்கள் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. எந்தக் கொல்லையில் இறங்குவது, யார் வெட்டுவது, யார் கட்டுவது எல்லாம் அவர் வாய்ச்சொல். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவதா, அடுத்த பருவத்தில் கரும்பின் காய்ந்த சோகை உரிக்கச் சேர்த்துக்கொள்வதா என்பதும் அவர் கையில்தான் இருந்தது. அப்பா அண்ணன் பேச்சைத் தாண்டாதவர்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சி.டி. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரை ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. டிராக்டர் முதலாளியின் மகன் வெளிநாடு போகும்போது கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து அதை எடுத்து வந்திருந்தார். அட்டையில் கிதாரோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் மொட்டைத் தலையுடன் தனியாக நின்றாள்.

“எந்தக் கோயிலுக்கு வேண்டிகினாளோ, பாவம்” என்றாள் ஒரு அக்கா.

“ஒண்டியா நிக்கிறாளே, கூடப் பாட ஒரு ஆளு கெடைக்கலியா?” என்றாள் இன்னொருத்தி.

நான் அட்டையைப் பிடுங்கி, ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். கீழே பொடி எழுத்தில் பாட்டு வகையைச் சொல்லும் ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ என்று இருந்ததையும் விடவில்லை. அவள் பாடியதில் பேர் வாங்கிய பாட்டுகளைப் பொறுக்கி ஒன்றாகப் போட்டிருக்கிறது என்று மாமா விளக்கம் சொன்னார். பின்பக்கம் பதினேழு பாட்டுகளின் பெயர். அதைப் படிக்கும்போதுதான் பெரியப்பா அப்படிக் கேட்டார்.

ஆங்கிலத்தில் எனக்குக் கிழமைகளும் பழங்களின் பெயர்களும் தெரியும். ஆனாலும் எழுந்து நின்றேன். டிராக்டரில் இருந்த சி.டி. செட்டில் ஓடிக்கொண்டிருந்தது மூன்றாவது பாட்டு. டிரம்ஸ் அடி டிராக்டரையே உலுக்கியது. நடுவில் அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்தினாள்.

“மாடு செத்துப்போச்சாம். அதான் அழுவுறா” என்றேன்.

“எந்த ஊரா இருந்தா இன்னா, மாடு மாடுதானே” என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். பெரியப்பா மட்டும் வெற்றிலையை மென்றபடி என்னையே பார்த்தார்.

அதன்பின் நான் போகும் ஒவ்வொரு சனி, ஞாயிறும் அர்த்தம் கேட்டார்கள். ஒரு பாட்டில் அண்ணன் தம்பி பாகப் பிரிவினை, இன்னொன்றில் மழை இல்லாத வருஷம், வேறொன்றில் குடிகாரப் புருஷன். வாய்க்கு வந்ததை எல்லாம் அளந்தேன். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பெருமையாகக் கேட்பார். சோற்று நேரம் முடியும்போது பத்துப் பன்னிரண்டு பாட்டுதான் ஓடியிருக்கும். கடைசிப் பாட்டு வரைக்கும் போனதே இல்லை.

பருவத்தின் கடைசி நாள் டிராக்டர் டயர் பஞ்சர். மாமா சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, சி.டி. தன் பாட்டுக்கு ஓடியது. பதினேழாவது பாட்டு வந்தது. டிரம்ஸ் இல்லை, ஒற்றைக் கிதார், மெல்லிய குரல்.

“இது இன்னா சொல்லுது?” என்றார் பெரியப்பா.

“கல்யாணம். வளையல் போட்டுக்கினு, சொந்தக்காரங்கள எல்லாம் கூப்புடுறா.”

கரும்பைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் அம்மாவுக்கு மெட்டு ஒட்டிக்கொள்ளும். இப்போதும் கூடவே முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பில்தான் எனக்கும் கேட்டது. செத்த மாட்டுக்கு அழுத அதே மெட்டு.

“இன்னாம்மா மொணவுற?” என்றார் பெரியப்பா.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஒண்ணுமில்லீங்க. பொண்ணு சொல்றது கரெக்டுதான். கல்யாணக் களை இருக்குது பாட்டுல” என்றாள்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி, மண்டையில ஏறுது. இட்டுக்கினு போயி பெரிய இஸ்கூல்ல சேத்துவுடு” என்று அப்பாவிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் பதினேழிலும் ஒரே பெயர். பதினேழாவதன் பக்கத்தில் மட்டும் ஏதோ ஒரு நீளமான வார்த்தை கூடுதலாக இருந்தது. அதே பாட்டை டிரம்ஸ் இல்லாமல் வெறும் கிதாரில் பாடியது என்று அதற்கு அர்த்தம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அத்தனை நாள் அதைக் கையில் வைத்துப் படித்துக் காட்டியவள் நான். இரண்டும் ஒரே பாட்டு என்று அம்மாவுக்குத் தெரியாதது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மாட்டுக்கு அழுத முதல் நாளிலிருந்தே என் புளுகு அம்மாவுக்குத் தெரியும் என்பதும், மேஸ்திரியின் முன் நிமிர்ந்து பேசாதவள் அன்று எனக்காக நிமிர்ந்தாள் என்பதும் அப்போது புரியவில்லை. டிரம்ஸை உரித்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்கத் தெரிந்த அந்தக் காதுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவும் தோன்றவில்லை.

இந்த வருஷம் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் அது. மொழிபெயர்ப்பு படிக்கச் சென்னையில் சேர்ந்து, விடுதி அறையில் பெட்டியை வைத்துவிட்டு, அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருக்கிறேன்.