மங்கலான படங்கள் தப்பின

கோவையில் மென்பொருள் வேலை பார்ப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. சொந்தத்தில் யார் வீட்டு பிரிண்டர் இருமினாலும் நான்தான் டாக்டர். அப்படித்தான் சூலூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் பெரியம்மா மகள் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் இடமில்லையாம், வேண்டாத ஃபோல்டர்களை அழிக்க வேண்டுமாம்.

“ஒவ்வொண்ணா அழிச்சா பொழுது போயிருமுங்க தம்பி. பேரெல்லாம் அடிச்சு வெச்சிருக்கறனுங்க,” என்று திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். அக்கா ஃபோல்டருக்குக்கூட மரியாதை குறைக்காதவர். ‘கல்யாணம் மங்கலானதுங்க’, ‘காதுகுத்து கண்ணு மூடுனதுங்க’ என்று போனது பட்டியல்.

பட்டியலைப் படித்து ஒவ்வொரு பெயராக அழிக்க, நான்கு வரியில் கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி ஓட்டினேன். ஓட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அந்தத் தோரணைக்கே என்னை இரண்டு உதைத்திருக்கலாம்.

அந்தக் கட்டளைகளைப் படித்துச் செய்யும் ஷெல்லுக்கு மரியாதை தெரியாது. மேற்கோள் குறிக்குள் வைக்காத பெயரில் இடைவெளி இருந்தால், அங்கேயே வெட்டித் தனித்தனிப் பெயராக்கிவிடும். ‘மங்கலானதுங்க’ என்று தனியாக எதுவும் இல்லை. எதையும் கேட்காதே என்று நானே கட்டளையில் சொல்லியிருந்ததால் அது வாய் திறக்கவில்லை. ‘கல்யாணம்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது; அதை அழித்துவிட்டது. நல்ல படங்கள் எல்லாம் அதில்தான். காதுகுத்துக்கும் அதே கதி. மங்கலானவையும் கண் மூடியவையும் பத்திரமாக இருந்தன.

மத்தியானம் பெண் வீட்டார் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வருகிறார்கள். கேமரா கார்டில் அதற்குள் வேறு விசேஷங்கள் ஏறிவிட்டன. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடி தாலி கட்டச் சொல்லவா முடியும்?

பட்டியலை வரி வரியாக வாங்கி, பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்து, அழிக்கும் முன் ஒருமுறை திரையில் காட்டச் சொல்லியிருந்தால் போதும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் எடுக்கும் பாடமே இதுதான்.

“பேருக்கு நடுவுல இடம் உடக்கூடாதுங்க்கா,” என்று முதலில் பழியை அவர் மேல் போட்டுப் பார்த்தேன். சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

அக்கா கோபப்படவில்லை. மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, பீரோவைத் திறந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார்.

“ரெண்டும் இதுல இருக்குதுங்க தம்பி. வாரேன்னு நீங்க போன்ல சொன்னீங்கல்ல, அப்பவே எல்லாத்தையும் ஏத்தி வெச்சுப்போட்டனுங்க.”